தொண்ணூற்று நான்கும் அறுநூற்றுப் பன்னிரண்டும்

பிப்ரவரி 11, செவ்வாய்

இது விதைக் கம்பெனி டைரி. என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில் விற்பனை ரெப். வருடா வருடம் ஒன்று கொண்டுவந்து போடுவார், நான் தாளைக் கிழித்து வடைக்கு எண்ணெய் ஒற்றுவேன். இந்த வருடம் அப்படிச் செய்யவில்லை. மனதில் கிடப்பதை எங்கேயாவது இறக்கி வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் ஆலோசகர் ஸ்டெல்லா சொன்னார். யாரிடம் போய் இறக்குவது? அட்டையில் ஒரு மக்காச்சோளக் கதிர் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதனிடம் சொல்கிறேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எழுதிவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வருகிறது.

தீபாவளிக்கு முன்னால் இடுப்பைச் சுற்றிக் கொப்புளம் வந்தது. அக்கி என்று குயவர் வீட்டுக்குப் போய்க் காவியில் சிங்கம் எழுதிக்கொண்டு வந்தேன். பிறகு காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, சோறு இறங்கவில்லை, ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆனது. என்னிடம் இட்லி மாவு வாங்க வருகிற பெண்கள் என்ன டயட் என்று கேட்டார்கள். வாயெல்லாம் வெள்ளை படர்ந்ததும்தான் டாக்டர் அந்த ரத்தப் பரிசோதனையை எழுதினார்.

அவரையும் சோதித்தார்கள், அவருக்கும் இருக்கிறது. மகள் இனியாவுக்கு இல்லை. அவளுடைய தாளை மட்டும் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அவர் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து விம்மினார். "எப்புடி வந்துச்சுன்னே தெரியல வாணி" என்றார். எனக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்க வேண்டியவள் நான். அவர் முதுகைத் தடவிக் கொடுத்து, விட்டுவிடுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து அரிசி ஊறப்போட்டேன். காலையில் மாவு இல்லையென்றால் தெருவே கதவைத் தட்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

சி.டி.4 ரிசல்ட் வந்தது. எனக்குத் தொண்ணூற்று நான்கு. அவருக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு.

ஸ்டெல்லா பொறுமையாகத்தான் விளக்கினார். ரத்தத்தில் நோயை எதிர்க்கிற அணுக்களில் ஒரு வகை இது, எச்.ஐ.வி. கிருமி குறிவைத்துத் தின்பது இதைத்தான். ஐந்நூறுக்கு மேல் இருந்தால் நல்லது. இருநூறுக்குக் கீழே போனால் காசநோய், நிமோனியா எல்லாம் எளிதாக உள்ளே வரும், அதற்குத் தனி மாத்திரை சாப்பிட வேண்டும். சிப்பாய்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குச் சிப்பாயைத் தெரியாது, மாவைத் தெரியும். அரிசியும் உளுந்தும் எவ்வளவு இருந்தாலும் அதைப் பொங்க வைக்கிற புளிப்பு செத்துவிட்டால் விடிய விடிய வைத்தாலும் மாவு அப்படியே கிடக்கும். என் உடம்பும் இப்போது அப்படித்தான் கிடக்கிறது என்று புரிந்துகொண்டேன். ஸ்டெல்லா சிரித்துவிட்டு, சிப்பாயைவிட இதுவே சரி என்றார்.

இந்த எண் ஒரே மாதிரி நிற்காது, காய்ச்சல் வந்தால் இறங்கும், காலைக்கும் மாலைக்கும்கூட மாறும், ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அழவும் வேண்டாம் ஆடவும் வேண்டாம் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டமாதிரி தெரியவில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 20, வியாழன்

இருவருக்கும் மாத்திரை ஆரம்பம். தினமும் ஒன்று, ஒரே நேரத்தில், ஆயுசுக்கும்.

பெரிய மாத்திரை. எனக்குத் தொண்டையில் நின்று கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு, "மொத பத்து நாளைக்கு ஒரு மாதிரி கெறக்கமா இருக்கும், அப்பறம் பழகிரும்" என்றார். அவர் சொன்னபடியே தலை சுற்றியது. ஊர் ஊராகச் சுற்றுகிறவர், நாலு விஷயம் தெரிந்து வைத்திருக்கிறார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் மஞ்சள் காமாலை என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்துத் தேறி வந்ததிலிருந்து பி காம்ப்ளெக்ஸ் சாப்பிடுகிறார். லேபிள் உரிந்த வெள்ளை டப்பா. சாப்பிட்டுக் கை கழுவியதும் மாத்திரை போட்டீங்களா என்று கேட்பது என் வேலை. அவர் வெளியூர் போனால் பையில் எடுத்து வைப்பதும் நான்தான். இனிமேல் பி காம்ப்ளெக்ஸ் வேண்டாம், இதுவே போதும் என்றார். அதுவும் சரிதான், வயிறு என்ன மருந்துக் கடையா?

பிப்ரவரி 23, ஞாயிறு

அவர் போய்த் தன் அண்ணனிடம் சொல்லிவிட்டார். பாரம் தாங்கவில்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பெரிய மாமா நாச்சிமுத்து கணக்கு வாத்தியார். பக்கத்துத் தெருவிலிருந்து செருப்பைக்கூட மாட்டாமல் வந்துவிட்டார். ரிப்போர்ட் இரண்டையும் வாங்கி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரியே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"சென்னியப்பனுக்கு அறுநூத்திப் பன்னெண்டு. இவளுக்குத் தொண்ணூத்தி நாலு. சீக்கு வந்து நாளாக நாளாக இது கொறையுமுங்கறாங்க. அப்ப யாருக்கு மொதல்ல வந்துருக்கோணும்?"

என்னிடம் கேட்கவில்லை. சுவரிடம் கேட்டார். அவர் தம்பி, அதாவது என் புருஷன், தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் காது அடைத்துவிட்டது. பதினேழு வருடம் இந்த வீட்டில் மாவரைத்துக்கொண்டு கிடந்தவள் நான். மாதத்தில் பாதி நாள் லாட்ஜில் தங்குகிறவர் அவர். இதற்குக் கணக்கு வேண்டுமா?

நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "விடுங்கண்ணா, வந்தது வந்துருச்சு" என்றார். யாரிடமிருந்து என்று அவரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

பெரிய மாமா வீட்டு அக்கா, அவருடைய மனைவி, மாவு வாங்கிப்போன தூக்குப்போசியைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். மாலைக்குள் இன்னும் ஆறு வீட்டில் மாவு வேண்டாம் என்றார்கள்.

பிப்ரவரி 28, வெள்ளி

அரைத்த மாவில் பாதிக்கு மேல் மீந்தது. நான், அவர், இனியா மூவரும் மூன்று வேளையும் தோசை தின்கிறோம். மாவின் வழியாக இது வராது என்று தெருவில் நின்று கத்தலாம்தான். கத்தினால் தெரியாத நாலு பேருக்கும் தெரிந்துவிடும்.

பெரிய மாமா மறுபடியும் வந்தார். ஈரோட்டில் தனியார் லேப் ஒன்றில் இதைவிடப் பெரிய டெஸ்ட் இருக்கிறதாம். வைரல் லோடு. ரத்தத்தில் கிருமி எத்தனை என்றே எண்ணிச் சொல்லிவிடுவார்களாம். இருவருக்கும் எடுத்துவிட்டால் யார் உடம்பில் கிருமி ஊறிக் கிடக்கிறது என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிடும், செலவு தன்னுடையது என்றார்.

என் வீட்டுக்காரர் பொங்கிவிட்டார். இத்தனை வருடத்தில் அண்ணனை எதிர்த்து அவர் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. அதெல்லாம் வேண்டாம், கிடக்கிறவளைப் போட்டு மேலும் மேலும் குத்தாதீர்கள், அந்த டெஸ்ட் கட்டாயம் கூடாது என்றார். எனக்காக ஒரு மனுஷன் இப்படிப் பேசுவதைக் கேட்டு நான் அடுப்படியில் நின்று அழுதேன். ஆஸ்பத்திரியில் வராத அழுகை அப்போது வந்தது.

"உன்ற மானத்துக்குத்தாண்டா சொல்றேன். நீ வேண்டாங்கறதப் பாத்தா எனக்கே சந்தேகம் வருது" என்றார் பெரிய மாமா. நானே வெளியே வந்து, எடுக்கலாமுங்க, எனக்கு ஒன்றும் பயமில்லை என்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பாசம் என்றுதான் தோன்றியது.

மார்ச் 1, சனி

ஈரோடு போய் ரத்தம் கொடுத்தோம். இனியாவுக்குப் பரீட்சைக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினோம்.

மார்ச் 8, சனி

அவர் ரிப்போர்ட்டில் கிருமி கண்டறியப்படவில்லை என்று இருக்கிறது. என்னுடையதில் முப்பத்தெட்டாயிரம்.

பெரிய மாமா தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றே படித்தார். "சைபர்" என்றார். "என்ற தம்பி ஒடம்புல ஒண்ணுமே இல்ல." பெரிய மாமா வீட்டு அக்கா உடனே பண்ணாரி அம்மன் கோவிலுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டார். கிருமியே இல்லாதவனுக்கு எப்படி எச்.ஐ.வி. என்று எழுதினார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இவளோடு புழங்கிய தோஷத்தில் லேசாகப் பட்டிருக்கும், நல்ல உடம்பு என்பதால் தள்ளிவிட்டது என்று பெரிய மாமாவே காரணமும் கண்டுபிடித்துச் சொன்னார். கணக்கு வாத்தியார்.

பிறகு தீர்ப்பு. இனியா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறவள், அவளுக்கு இந்த வீட்டில் படிப்பு ஓடாது, பெரியப்பா வீட்டிலேயே இருக்கட்டும். நான் பவானியில் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனை வரவழைத்து, மரியாதையாக என்னை அவனோடு தாட்டி விட்டுவிடலாம் என்று பேசி முடித்தார்கள். இனியாவை மாலையே புத்தகப் பையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

போன வாரம் அத்தனை சத்தம் போட்டவர், இன்றைக்குத் தோசை ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 11, செவ்வாய்

மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். அந்த இரண்டு தாளையும் எடுத்துப் போய் ஸ்டெல்லா மேஜையில் வைத்தேன். குறைந்த எண் இருப்பவர்தான் கொண்டுவந்தவரா என்று கேட்டேன்.

"இல்லீங்கக்கா. ஒருத்தருக்கு ரெண்டு வருசத்துல இறங்கும், இன்னொருத்தருக்குப் பத்து வருசம் ஆனாலும் இறங்காது. இந்த எண்ணை வச்சு உடம்பு எப்படி இருக்குன்னு பாக்கலாம். யாருகிட்டருந்து யாருக்கு வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது."

இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஸ்டெல்லா என் வீட்டுக்காரருடைய தாளைக் கையில் எடுத்தார். தேதியைப் பார்த்தார். மாத்திரை ஆரம்பித்த தேதியைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

என் முப்பத்தெட்டாயிரம் சரியாம். முதலில் லட்சக்கணக்கில் இருந்திருக்கும், பத்து நாள் மாத்திரையில் அந்த அளவுக்கு வந்திருக்கிறது, நல்ல அறிகுறி என்றார். அப்படியானால் எனக்கு எப்போது சைபர் ஆகும் என்று கேட்டேன். ஒழுங்காகச் சாப்பிட்டால் சில மாதத்தில் ஆகும் என்றார்.

"அவருக்குப் பத்து நாள்ல ஆயிருச்சுங்களே?"

ஸ்டெல்லா பேனாவை மூடி வைத்தார். மாத்திரை போடாமலே கிருமியை அடக்கி வைத்திருக்கிற உடம்பு ஆயிரத்தில் ஒன்று இரண்டு இருக்கலாம் என்றார். மற்றபடி பத்து நாளில் ஆகாது என்றார். பிறகு தாளை மடித்து என் கையில் கொடுத்து, "இத நீங்க அவருகிட்டதான் கேக்கோணுமுங்க அக்கா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஆயிரத்தில் ஒருவர். என் புருஷனுக்கு லாட்டரியில் பத்து ரூபாய்கூட விழுந்ததில்லை.

மார்ச் 12, புதன்

மாவரைக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

லேபிள் உரிந்த வெள்ளை டப்பா. இப்போது ஆஸ்பத்திரியில் கொடுத்திருப்பதும் அதே மாதிரி டப்பா, அதே அளவு. பழைய டப்பாவுக்குள் இருந்ததை நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. மாதாமாதம் கோயமுத்தூரில் கம்பெனி மீட்டிங். மஞ்சள் காமாலைக்குப் படுத்திருந்தபோது என்னை ஒரு நாள்கூட அங்கே தங்க விடாதது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்பதற்காக என்று நான் நம்பியது. பத்து நாள் கிறக்கம் இருக்கும், அப்புறம் பழகிவிடும் என்று சொன்னது.

நான் கண் இல்லாதவள் இல்லை. பார்த்தேன், எல்லாவற்றையும் பார்த்து இந்த டைரியிலேயே எழுதியும் வைத்திருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

கேட்டேன். இனியா வீட்டில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். காமாலை இல்லை, நிமோனியா. அங்கேதான் எச்.ஐ.வி. என்று கண்டுபிடித்தார்களாம். அன்றிலிருந்து தனியார் டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். வீட்டம்மாவையும் கூட்டி வாருங்கள் என்று டாக்டர் தலைதலையாய் அடித்துக்கொண்டாராம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டிருக்கிறார்.

"அப்ப உங்களுக்கு இந்த எண்ணு எத்தனைங்க?"

"நூத்தி அறுவது."

நூற்று அறுபதிலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டு. நான் தண்ணீர் மொண்டு கொடுத்து ஏற்றி விட்ட எண் அது. ஒரே வீட்டில் ஒரே சட்டியில் தின்று அவருடையது ஏற ஏற என்னுடையது இறங்கியிருக்கிறது. அது அவருக்குத் தெரியும். நான் இளைப்பதைப் பார்த்தார், அக்கி வந்ததைப் பார்த்தார், காவி பூசக் குயவர் வீட்டுக்கு வண்டியில் கூட்டிப்போனதே அவர்தான்.

"சொன்னா நீ புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவேன்னு பயந்துட்டேன் வாணி."

"அதுக்கு நான் செத்தாலும் பரவால்லன்னு இருந்துட்டீங்க."

அவர் அழுதார். இந்தத் தடவை நான் முதுகைத் தடவவில்லை. அண்ணனிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சினார், ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது பேசி என்னை இங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்றார். வைத்துக்கொள்கிறாராம். பெரிய மனது.

மார்ச் 16, ஞாயிறு

என் அண்ணன் வந்து மூலையில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தான். பெரிய மாமா நாலு ரிப்போர்ட்டையும் மேஜையில் பரப்பி அவனுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். முடிக்கும் வரை நான் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கணக்கு கேட்டேன்.

"மாமா, சைபர் ஆகறதுக்கு மாசக்கணக்காகுமுங்க. நாங்க மாத்திரை ஆரம்பிச்சுப் பத்து நாள்ல ரத்தம் குடுத்தோம். எனக்கு முப்பத்தெட்டாயிரம் பாக்கி இருக்குது. இவருக்கு மட்டும் எப்புடிங்க சைபரு?"

தேதிகளைப் பார்த்தார். பேனாவை எடுத்தார், ஏதோ எழுதப் போனார், எழுதவில்லை. தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார்.

"மூணு வருசத்துக்கு முன்னால இவரு மார்க்கு நூத்தி அறுவதுங்க மாமா. அத யாரு திருத்துனாங்கன்னு கேட்டுப் பாருங்க."

கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. பெரிய மாமா ரிப்போர்ட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்.

"சரி, ஆனது ஆயிப்போச்சு. இது நம்மளோட கம்முனு இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா குடும்ப மானம் போயிரும்."

"என்னுது தெருவுக்கே தெரியுமுங்களே மாமா."

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். என் அண்ணன் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். கிளம்பு, என்னோடு வா என்றான். நான் எங்கும் போகவில்லை என்றேன். அரைக்கிற இடமும் கிரைண்டரும் இங்கே இருக்கிறது, என் பிள்ளை இங்கே இருக்கிறாள், நான் ஏன் போக வேண்டும்? நேரே பெரிய மாமா வீட்டுக்குப் போய் இனியாவின் பையை எடுத்துக்கொண்டேன். எதுவும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள்.

அவர் படுக்கையை முன் அறைக்கு மாற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ரொம்ப நாளாக மக்காச்சோளத்தோடு பேசவில்லை.

இன்றைக்கு ரிசல்ட். என்னுடைய சி.டி.4 நூற்று எழுபத்தொன்று. வைரல் லோடு கண்டறியப்படவில்லை. கிருமி அடங்கிவிட்டது, எண் மெதுவாகத்தான் ஏறும், இன்னும் சில வருடம்கூட ஆகலாம், தனி மாத்திரையை இப்போது நிறுத்தக் கூடாது என்றார் ஸ்டெல்லா. சீக்கிரமே வந்திருந்தால் இவ்வளவு இறங்கியிருக்காது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது எனக்குக் கேட்டது.

என் வீட்டுக்காரருக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. பதினான்கு குறைந்துவிட்டது என்று முகம் வெளுத்துப் போனார். எண் ஏறும் இறங்கும், ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அழாதீர்கள் என்று நான்தான் பஸ்ஸில் விளக்கினேன். எனக்கே சிரிப்பு வந்தது.

இனியா நல்ல மதிப்பெண் எடுத்துப் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்துவிட்டாள். கணக்கு வேண்டாம் என்று வேறு பிரிவு எடுத்திருக்கிறாள். தெருவில் இன்னும் யாரும் மாவு வாங்குவதில்லை. யாரும் அவர்களிடம் போய், தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸுக்கு மொத்தமாகக் கொடுக்கிறேன். அவர்களுக்கு என்னைத் தெரியாது, என் மாவைத் தெரியும்.

சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முன் அறையிலிருந்து அவர் குரல் வந்தது.

"வாணி, மாத்திரை போட்டாச்சா?"

மூன்று வருடம் தினமும் நான் அவரிடம் கேட்ட கேள்வி. அந்த மூன்று வருடத்தில் ஒரே ஒரு நாள் அவர் இதை என்னிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம்.